வேர்க்காத குதிரை: ஸ்டவ்ட் டின்னுக்கு முன்னால் ஒரு தெர்மாமீட்டர்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. சவாரிப் பள்ளி ஒன்றில் எட்டு மாதமாக மைலோ என்ற குதிரையைப் பாதி லீஸுக்கு எடுத்திருக்கிறோம். நியூசிலாந்தில் பிறந்து, பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற 9 வயதுக் காயடித்த குதிரை. 500 கிலோ இருக்கும். இரண்டு மாதமாக, சவாரி முடிந்து அரை மணி நேரம் ஆன பிறகும் விலா படபடவென்று அடித்துக்கொள்கிறது. மற்றக் குதிரைகள் நனைந்து நிற்க, இது மட்டும் காய்ந்த உடம்போடு நிற்கிறது. தீனியும் பாதி மிச்சம். பயிற்றுநர் "சோம்பேறி, தெம்பு ஏறவில்லை, இன்னும் ஓட்டுங்கள்" என்கிறார். லாயத்துச் சைஸ் அண்ணன் (குதிரைகளைப் பராமரிப்பவர்) தினமும் ஒரு டின் ஸ்டவ்ட், அதாவது கறுப்பு பீர், கொடுக்கச் சொல்கிறார். ஐஸ் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டால், சதை பிடித்துக்கொள்ளும் என்று எல்லாரும் தடுக்கிறார்கள். இணையத்தில் ஒரு தூள் விற்கிறார்கள். எதைச் செய்வது? மகள் சவாரியை நிறுத்த வேண்டுமா?
– சுவா சூ காங் வாசகி, சிங்கப்பூர்

பதில்:

பயிற்றுநர் சொன்னபடி இன்னும் ஓட்டாதீர்கள். மற்றதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் மூன்றும், அதாவது காய்ந்த உடம்பு, அடங்காத மூச்சு, குறைந்த தீனி, ஒன்றாகச் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அன்ஹைட்ரோசிஸ். வேர்வைச் சுரப்பிகள் வேலையைக் குறைத்துவிடும், சில குதிரைகளில் நிறுத்தியே விடும் நிலை இது. லாயக்காரர்கள் பழைய வழக்கப்படி 'டிரை கோட்' என்பார்கள். குளிர்நாட்டிலிருந்து வெப்பநாட்டுக்கு வந்த குதிரைகளில் முதலில் கவனிக்கப்பட்டதால், இறக்குமதிக் குதிரைக்குத்தான் வரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது சரியில்லை. வெப்பநாட்டிலேயே பிறந்து வளர்ந்த குதிரைக்கும் வரும். பல வருடம் இங்கே நன்றாக வேர்த்துக்கொண்டிருந்த குதிரைக்குத் திடீரென்றும் வரும்.

ஆனால் மூச்சு வாங்கும் குதிரை எல்லாம் வேர்க்காத குதிரை இல்லை. காய்ச்சல், நுரையீரல் தொற்று, குதிரை ஆஸ்துமா, இரத்தச் சோகை, குளம்பு வலி என்று எதுவும் விலாவை அப்படி அடிக்கவைக்கும். அதனால் தூளுக்கோ ஸ்டவ்ட்டுக்கோ போவதற்கு முன் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். மருந்துக்கடையில் மனிதருக்கு விற்கும் சாதாரணக் கருவியே போதும். அதன் பின்முனையில் ஒரு முழக் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையில் துணி உலர்த்தும் கிளிப் ஒன்றை மாட்டுங்கள். கிளிப் வால்முடியைப் பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் தெர்மாமீட்டர் உள்ளே போய்விடும், அல்லது கீழே விழுந்து மிதிபடும்.

எடுக்கும் முறை: குதிரையின் இடதுபக்கம், இடுப்பை ஒட்டி நில்லுங்கள், நேர் பின்னால் நிற்காதீர்கள். நுனியில் வாசலின் தடவி, வாலை ஒதுக்கி, மலவாயில் ஐந்து சென்டிமீட்டர் செலுத்தி, நுனி உட்சுவரைத் தொடுமாறு லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். சாணி உருண்டைக்குள் குத்தி நின்றால் எண் தவறும். 'பீப்' சத்தம் வந்தாலும் ஒரு நிமிடம் முழுதாக விடுங்கள்.

கூடவே மூச்சை எண்ணுங்கள். மூக்கைப் பார்த்து எண்ணினால் முகர்வதும் கணக்கில் சேர்ந்துவிடும். விலா ஏறி இறங்குவதை 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குவதே சரி. நாடித்துடிப்புக்கு இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வைத்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல குதிரைக்கு வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி, மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16, நாடி 28 முதல் 44.

ஒரு வாரம், சவாரி இல்லாமல், தினமும் மூன்று வேளை குறித்துவையுங்கள்: விடியற்காலை தீனிக்கு முன், மதியம் இரண்டு மணி வாக்கில், இரவு எட்டுக்கு. விடியலில் 37.8, மதியம் நின்ற இடத்திலேயே 38.9, இரவு மறுபடி இறக்கம் என்று வெயிலோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அது வெளியேற வழியில்லாத சூடு. விடியலிலேயே 38.8 என்று நின்றால் அது காய்ச்சல். அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இன்னொரு எளிய சோதனையும் உண்டு. மூச்சு வாங்கும் நேரத்தில் நிழலில் நிறுத்தி அரை மணி நேரம் தண்ணீர் அடித்து மின்விசிறி போடுங்கள். வெப்பம் இறங்க இறங்க மூச்சும் கூடவே இறங்கினால் வேர்வைக் கோளாறு என்ற சந்தேகம் வலுக்கும். உடம்பு குளிர்ந்த பிறகும் மூச்சு அப்படியே இருந்தால் கோளாறு நுரையீரலிலோ வேறெங்கோ இருக்கலாம்.

உடம்பைக் கையால் தடவியும் பாருங்கள். பாதியளவு வேர்வை நின்ற குதிரைக்கும் சில இடங்களில் ஈரம் மிச்சமிருக்கும்: பிடரிமயிருக்கு அடியில், சேணத்துக்குக் கீழே, முன்னங்கால் இடுக்கில், பின்தொடைகளுக்கு நடுவில். சேணத்தைக் கழற்றியதும் உள்ளங்கையை அங்கே வையுங்கள். சேணம் இருந்த இடம் மட்டும் நனைந்து, கழுத்தும் விலாவும் மாவு தூவியதுபோல் உலர்ந்து பொடியாக உதிர்ந்தால், படம் பெரும்பாலும் தெளிவாகிவிட்டது. முகத்திலும் தோளிலும் முடி மெலிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நாள்பட்டால் அப்படி ஆகும்.

ஏன் இப்படி ஆகிறது? குதிரையின் வேர்வைச் சுரப்பி அட்ரினலின் தூண்டுதலில் இயங்குவது. சுரப்பியின் மேல் பீட்டா-2 எனப்படும் ஏற்பிகள் இருக்கின்றன. அட்ரினலின் அவற்றைத் தட்டும், சுரப்பி திறக்கும். குளிர்நாட்டில் இரவு வந்தால் தட்டல் ஓயும். இங்கே இரவிலும் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டியது. இரவு பகலாகத் தட்டிக்கொண்டே இருந்தால் ஏற்பிகள் மரத்துப்போகின்றன. நாள்பட்டால் சுரப்பியே சுருங்கி, அதன் குழாயும் அடைத்துக்கொள்ளலாம். எல்லாக் குதிரைக்கும் இப்படி ஆவதில்லை. சில வம்சங்களில் அதிகம் வருவதால் மரபுக்கும் பங்கு உண்டு. வேலை செய்யும் குதிரை எரிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகத்தான் வெளிவருகிறது. அந்தச் சூட்டில் மூன்றில் இரண்டு பங்கை வேர்வைதான் வெளியேற்றும். அது நின்றால் மிச்சம் மூச்சு ஒன்றுதான். மைலோவின் விலா அடித்துக்கொள்வதும் அதனால்தான். அதை 'இன்னும் ஓட்டினால்' தெம்பு ஏறாது, வெப்பத்தாக்கில் விழும்.

நீங்கள் பள்ளியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மைலோவுக்கு இருமலுக்காகக் கிளென்புட்டரால் கொடுக்கப்பட்டதா, இப்போதும் கொடுக்கிறார்களா? அதுவும் இதே பீட்டா-2 ஏற்பியைத் தட்டும் மருந்துதான். நீண்ட நாள் கொடுத்தால் ஏற்பிகள் மேலும் மரத்துப்போகலாம். கொடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்; மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

உறுதிசெய்ய ஒரு வேர்வைச் சோதனை உண்டு. டெர்புட்டலின் என்ற மருந்தைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கவைத்து, கழுத்துத் தோலுக்குள் வரிசையாக 0.1 மில்லிலிட்டர் வீதம் ஊசி போடுவார்கள். ஒப்பிட வெறும் உப்புநீர் ஓர் ஊசி. அரை மணி நேரம் பார்ப்பார்கள். நல்ல குதிரைக்கு மிக நீர்த்த ஊசியிடத்திலும் சில நிமிடங்களில் முத்து முத்தாக வேர்வை பூக்கும். கோளாறுள்ள குதிரைக்கு அடர்த்தியான ஊசியிடத்தில் மட்டும், அதுவும் தாமதமாகத்தான் ஈரம் வரும். முற்றிய நிலையில் எங்குமே வராது. சோதனை ஓய்வில் இருக்கும் குதிரைக்கு, குளிர்ந்த வேளையில் நடக்க வேண்டும். சவாரி முடித்த சூட்டோடு செய்தால் முடிவு குழம்பும். கூடவே இரத்தப் பரிசோதனை கேளுங்கள். தொற்று, சோகை, சிறுநீரகம் மூன்றையும் ஒதுக்கிவிடலாம். மகள் போட்டிகளுக்குப் போகிறாள் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: டெர்புட்டலின் போட்டிகளில் தடை உள்ள மருந்து.

புளோக்குக் கீழே நாய், பூனை பார்க்கும் கிளினிக்கில் இது நடக்காது. குதிரை பார்க்கும் மருத்துவர்கள் இங்கே விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதிலும் கிராஞ்சி குதிரைப்பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5 ஆம் தேதியோடு பந்தயம் நின்றுபோனது. உங்கள் லாயத்துக்கு எந்த மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார், இரவு இரண்டு மணிக்கு யாரை அழைப்பது என்ற இரண்டையும் எழுதி வாங்கி லாயச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். இது வேர்வைக் கோளாறுக்கு மட்டுமல்ல, வயிற்றுவலி வரும் இரவுக்கும் வேண்டும்.

இனி ஐஸ் தண்ணீர். சதை பிடித்துக்கொள்ளும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் பயம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை முன்னிட்டு, சூடேறிய குதிரைகள்மேல் மிகக் குளிர்ந்த நீரை ஊற்றி ஆய்வு செய்தார்கள். தசைக்குக் கேடு வரவில்லை, வெப்பம் வேகமாக இறங்கியது. அதற்குப் பிறகு வெப்பமான ஊர்களில் நடக்கும் பெரிய போட்டிகளில் ஐஸ் நீர் வழக்கமாகிவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும். 500 கிலோ உடம்பில் ஒரு டிகிரி குறைய ஏறத்தாழ 1,750 கிலோஜூல் வெளியேற வேண்டும். நம் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். தோலில் பட்டு 33 டிகிரியாகி வழிந்தால் லிட்டருக்கு 21 கிலோஜூல்தான் கொண்டுபோகும். ஒரு டிகிரிக்கு 83 லிட்டர் ஆயிற்று. 10 டிகிரித் தண்ணீர் என்றால் லிட்டருக்கு 97 கிலோஜூல். 18 லிட்டர் போதும். நடைமுறையில் பாதி சூடேறாமலே வழிந்துவிடும், ஆகவே இரண்டையும் இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டர் குழாய்த் தண்ணீரைப் 10 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 20 கிலோ ஐஸ் பிடிக்கும். காப்பிக்கடைகளுக்குப் போடும் ஐஸ்காரரிடம் மூட்டையாக வாங்கினால் சுலபம்.

ஊற்றும்போது கஞ்சத்தனம் கூடாது. ஸ்பாஞ்சால் ஒற்றி எடுப்பது வெறும் சடங்கு. பெரிய குவளையால் கழுத்து, மார்பு, தோள், முதுகு, பின்தொடை என்று இருபுறமும் ஒருவர் மாற்றி ஒருவர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தலைமேலும் காதுக்குள்ளும் வேண்டாம். நடுவில் நிறுத்தித் தண்ணீரை வழித்தெடுக்கத் தேவையில்லை. வழிக்கும் நேரத்தில் இன்னும் இரண்டு குவளை ஊற்றலாம். ஈரத் துண்டு போர்த்துவது படத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் சில நிமிடங்களில் துண்டு சூடாகிப் போர்வையாகிவிடும். ஐஸ் இல்லாத நாளில் ரப்பர் குழாய்தான் என்றால், வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வருவது வெந்நீர். அதைத் தரையில் ஓடவிட்டு, கையில் பிடித்துப் பார்த்த பிறகு குதிரைமேல் திருப்புங்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பம் பாருங்கள். வேலையை நிறுத்திய பிறகும் பத்து நிமிடம் வரை எண் ஏறக்கூடும். முதல் எண்ணைப் பார்த்து அப்பாடா என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 39 க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்தி, நிழலில் மின்விசிறிக்கு முன் நிறுத்துங்கள். குடிக்கத் தண்ணீர் உடனே கொடுங்கள். சூடான குதிரை குடித்தால் வயிறு பிடிக்கும் என்பதும் ஐஸ் கதையின் தம்பிதான்.

எந்த நேரத்திலும் 41 டிகிரியைத் தொட்டாலோ, தள்ளாடினாலோ, ஈறு செங்கல் நிறமானாலோ, கூப்பிட்டால் காது அசையாவிட்டாலோ அது உயிர் போகும் கட்டம். மருத்துவரை ஒருவர் அழைக்க, மற்றவர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். லாய அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்; விழுந்தால் ஆளும் மாட்டிக்கொள்வார். பிடித்திருப்பவர் தலைக்கவசத்தோடு பக்கவாட்டில் நிற்கட்டும். வலிநிவாரணி ஊசி இந்தச் சூட்டைக் குறைக்காது. காய்ச்சலுக்கு அது வேலை செய்யும் விதம் வேறு. வாய்க்குள் குழாயால் தண்ணீர் அடிக்கவும் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும்.

அன்றாடம் செய்ய வேண்டியது இதைவிடச் சலிப்பான வேலை. முதல் நான்கு வாரம் சவாரியே வேண்டாம். விடிவதற்கு முன் கையில் பிடித்து இருபது நிமிட நடை, அவ்வளவுதான். பகலில் மூன்று முறை குளிர்நீர். லாய வரிசையில் காற்று நேராக வரும் ஓர அறையைக் கேளுங்கள். அறைக்கு ஒரு நல்ல மின்விசிறி வேண்டும். வீட்டு மின்விசிறி தூசியும் வைக்கோலும் அடைத்துத் தீப்பிடிக்கும். மோட்டார் மூடிய, வெளிப்புறப் பயன்பாட்டுக்கான வகையைத் தேர்ந்தெடுத்து, வயரைப் பல்லுக்கு எட்டாமல் கட்ட வேண்டும். பனித்துளி தெளிக்கும் 'மிஸ்ட்' விசிறிகளை இங்கே நான் பரிந்துரைப்பதில்லை. வறண்ட ஊரில் அவை அருமை. நம் ஈரக்காற்றில், மூடிய லாயத்தில், அறையை நீராவிக் குளியலாக்குவதோடு சரி. முடி நீளமாக இருந்தால் மெஷினால் குட்டையாக வெட்டிவிடுங்கள். பகலில் ஈ மறைக்கும் வலைப்போர்வை போடாதீர்கள், அதுவும் சூட்டைப் பிடித்துவைக்கும்.

இரவில் வெளியே விடுவது நல்லது. ஆனால் அந்தி நேரம் கூலிக்காய்டிஸ் என்ற பொடிப்பூச்சியின் நேரம். தோல் அரிப்பு ஒரு பக்கம். 2020 இல் தாய்லாந்திலும் மலேசியாவிலும் பரவிய ஆப்பிரிக்கக் குதிரைநோயைக் கடத்துவதும் இந்தப் பூச்சிதான். இருட்டி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, விரட்டி மருந்து பூசி விடுங்கள். இந்தப் பூச்சிக்குப் பறக்கும் பலம் குறைவு என்பதால் மின்விசிறிக் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும்.

தண்ணீர் வைத்தியத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. எந்நேரமும் நனைந்திருக்கும் தோலில், முதுகிலும் குதிகால் மடிப்பிலும் பொருக்குப் புண் வரும். குளம்பின் அடியில் கறுத்து நாறும் அழுகல் வரும். ஒவ்வொரு முறையும் குளிர்வித்த பிறகு தண்ணீர் வடியும் தரையில் நிறுத்தி, விசிறியில் முழுக்க உலரவிட்டு, குதிகால் மடிப்பைத் துணியால் ஒற்றியெடுங்கள். குளம்பைத் தினம் இருமுறை சுரண்டிப் பாருங்கள். இந்த வேலையை மகள் செய்யலாம். சவாரி இல்லாத மாதத்தில் அவளுக்கும் குதிரையோடு ஒரு காரியம் இருக்கும்.

தீனியில் தானியத்தைக் குறைத்து, அந்தச் சக்தியை எண்ணெயாகக் கொடுக்கலாம். எண்ணெய் செரிக்கும்போது எழும் சூடு குறைவு. நாளுக்கு 50 மில்லியில் தொடங்கி இரண்டு வாரத்தில் 250 மில்லி வரை போகலாம். அவசரப்பட்டால் கழிச்சல்தான். வைக்கோலை நனைத்துக் கொடுத்தால் உள்ளே போகும் நீரும் கூடும். அரை மணி நேரம் நனைத்தால் போதும். நம் வெயிலில் காலையில் நனைத்ததை மாலையில் போட்டால் புளித்திருக்கும்.

உப்பு: 500 கிலோ குதிரைக்கு ஓய்விலேயே நாளுக்கு 25 கிராம் வேண்டும், அதாவது மேசைக்கரண்டியால் தலைதட்டி ஒன்றரை. சமையல் உப்பே போதும், தீனியில் கலந்துவிடுங்கள். நக்கும் உப்புக்கட்டியை நம்பாதீர்கள். மாட்டின் சொரசொரப்பான நாக்குக்காகச் செய்தது அது, குதிரையின் மென்மையான நாக்குக்கு அதிலிருந்து தேவையான அளவு கிடைப்பதில்லை. வேர்க்கும் குதிரை லிட்டருக்குப் பத்துக் கிராம் வரை உப்புகளை இழக்கும், அதற்கு இன்னும் அதிகம் தேவை. மைலோவுக்குத்தான் வேர்ப்பதே இல்லையே; எலக்ட்ரோலைட் பாக்கெட்டுகளை அள்ளிக் கொட்டுவதில் பயனில்லை. கொடுத்தால் பக்கத்தில் வெறுந்தண்ணீர் வாளி ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

ஸ்டவ்ட் பற்றி: சைஸ் அண்ணன் வெறும் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. வெப்பநாட்டு லாயங்களில் வெகுகாலமாகப் புழங்கும் கைவைத்தியம் அது. ஒரு டின் கேடு செய்யாது. வேர்வையைத் திரும்பக் கொண்டுவரும் என்பதற்குச் சான்றும் இல்லை. குளிர்ந்த ஒரு வாளித் தண்ணீரை மலிவாக வாங்கலாம். சைஸ் அண்ணனின் கண்ணை மட்டும் நம்புங்கள். மற்றவர்களுக்கு முன் குதிரை உலர்ந்திருப்பதைப் பார்த்தவர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

இணையத் தூள் பெரும்பாலும் டைரோசின், கோலின், நியாசின், வைட்டமின் சி, பி6 கலந்ததாக இருக்கும். சில உரிமையாளர்கள் பலன் கண்டதாகச் சொல்கிறார்கள். உறுதியான ஆய்வு ஆதாரம் பலவீனம். வாங்குவதானால் மேலே சொன்ன குளிர்விப்பை நான்கு வாரம் செய்து, குறிப்பேட்டில் எண்கள் நிலைபெற்ற பிறகு தொடங்கி, 60 நாள் கொடுத்துப் பாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் எது உதவியது என்று யாராலும் சொல்ல முடியாது. தைராய்டு மாத்திரை கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால், வேண்டாம்.

சவாரி எப்போது? நான்கு வாரம் கழித்துச் சோதனையைத் திரும்பச் செய்து, சேணமில்லாத இடங்களில் ஈரம் தெரிந்தால், சிறிதாகத் தொடங்கலாம். மைஎன்வி (myENV) வானிலைச் செயலியில் வரும் ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலையைப் (WBGT) பாருங்கள்; வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று நான்கையும் சேர்த்துக் காட்டும் எண் அது. 2023 ஜூலையில் மனிதருக்காக வந்த வெப்ப ஆலோசனையில் 31 க்குக் கீழே 'குறைவு' என்று பச்சையாகக் காட்டும். அது உங்களுக்கு, மைலோவுக்கு அல்ல. நன்றாக வேர்க்கும் போட்டிக் குதிரைக்கே 28 ஐத் தாண்டினால் முன்னெச்சரிக்கை தொடங்குகிறது. 33 க்கு மேல் போட்டியே கூடாது என்பார்கள். மைலோவுக்கு என் எல்லை 28: அதற்கு மேல் நடை மட்டும். நடைமுறையில் இது காலை எட்டு மணிக்குள் முடியும் சவாரியாகத்தான் இருக்கும். பத்து நிமிட நடை, இரண்டு நிமிட டிராட் (துள்ளுநடை), மூன்று நிமிட நடை, மறுபடி இரண்டு நிமிட டிராட், நிறுத்தி அளவு பாருங்கள். 39.5 ஐத் தாண்டினாலோ, 15 நிமிடம் நின்ற பிறகும் நாடி 60 க்கு இறங்காவிட்டாலோ அன்றைக்கு அவ்வளவுதான். கேன்டர் (மெதுவான பாய்ச்சல்) பிறகு. புகைமூட்ட நாட்களில் விடுமுறை. மூச்சை மட்டுமே நம்பியிருக்கும் குதிரைக்கு அந்தக் காற்று இரட்டைச் சுமை.

மழைக்காலமான டிசம்பர், ஜனவரியில் மைலோ தேறிவிட்டதுபோல் தெரியலாம். அதை நம்பி லீஸை நீட்டிக் கையெழுத்துப் போடாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒருமுறை வந்தது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். குளிர்நாட்டுக்குப் போனால் பெரும்பாலான குதிரைகள் மீண்டும் வேர்க்கத் தொடங்குகின்றன, ஆனால் அது உரிமையாளர் எடுக்க வேண்டிய, பெரும் செலவுள்ள முடிவு. உங்கள் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: மருத்துவச் செலவு யாருடையது, குதிரை வேலை செய்ய முடியாத மாதத்துக்கும் லீஸ் பணம் உண்டா. இரண்டும் இல்லையென்றால் சோதனைக்கு முன்பே பள்ளியோடு பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். முடிவு வந்த பிறகு அந்தப் பேச்சு கசப்பாகத்தான் நடக்கும்.

பயிற்றுநரிடம் வாதாட வேண்டாம். ஒரு வாரக் குறிப்பேட்டை நீட்டுங்கள். சவாரி முடிந்து 30 நிமிடத்தில் பக்கத்து அறைக் குதிரை 38.4, மைலோ 40.1 என்று ஒரே பக்கத்தில் எழுதியிருந்தால் 'சோம்பேறி' என்ற சொல்லைத் திரும்பச் சொல்வது கடினம். அந்த ஒப்பீட்டுக்காக மைலோவை ஓட்டாதீர்கள். இருவரையும் மதியம் நிற்கவைத்து எடுத்த எண்ணே போதும். மருத்துவர் வரும் நாளில் அந்த நோட்டு, கொடுத்த மருந்துகளின் பட்டியல், தீனியின் அளவு மூன்றும் கையில் இருக்கட்டும். அன்று காலை நடையும் வேண்டாம்.